வியர்த்தால் வியர்க்கட்டும்



சென்ற இதழில் நடைப்பயிற்சி பற்றிச் சிறப்புப் பகுதி வெளியிட்டிருந்தோம் அல்லவா, அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. எந்த ஷூ நல்லது, வெறும் வயிற்றில் நடக்கலாமா, நடந்து முடித்த கையோடு காபி குடிக்கலாமா என்று வழக்கமான கேள்விகள்தான் அதிகம். ஒரு வாசகியின் கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

“நடங்க நடங்கன்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே சொரியாசிஸ். நடந்தா வியர்க்குது, வியர்த்தா எரியுது, எரிஞ்சா சொறியறேன், சொறிஞ்சா ரத்தம் வருது. பூங்காவுக்குப் போனா பக்கத்துல உட்கார்ந்தவங்க எழுந்து போறாங்க. நான் வீட்டுக்குள்ளேயே இருந்துட்டுப் போறேனே, யாருக்கு என்ன நஷ்டம்?”

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போக முடியவில்லை. இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அவருக்குத்தான். சொரியாசிஸ் மட்டுமல்லாமல் கரப்பான், வெண்புள்ளி என்று வருடக்கணக்கில் கூடவே வரும் தோல் தொந்தரவு உள்ள எல்லோருக்கும் சேர்த்து.

நஷ்டம் யாருக்கு என்றால், அம்மா, உங்களுக்குத்தான். சொரியாசிஸ் தோலில் தெரிகிற நோய்தானே தவிர, தோலோடு நின்றுவிடுகிற நோயல்ல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தடம் மாறி வேலை செய்வதால் வருவது அது. சாதாரணமாக ஒரு தோல் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள் பிடிக்கும். சொரியாசிஸ் வந்த இடத்தில் அதே பயணம் மூன்று நான்கு நாளில் முடிந்துவிடுகிறது. உதிர நேரமில்லாமல் அடுக்கடுக்காகச் சேர்வதுதான் அந்த வெள்ளிச் செதில். இந்த அவசரத்துக்குக் காரணமான அழற்சி தோலுக்குள் மட்டும் அடங்கியிருப்பதில்லை, உடம்பு முழுக்க அதன் தாக்கம் இருக்கிறது. அதனால்தான் சொரியாசிஸ் அதிகமாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், உடல் பருமன் ஆகியவை மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. மற்றவர்களுக்கு நடைப்பயிற்சி நல்லது என்றால் உங்களுக்கு அது இன்னும் ஒரு பங்கு கூடுதலாகத் தேவை. முழங்கையில் இருக்கும் படையையே பார்த்துக்கொண்டிருந்து நெஞ்சுக்குள் இருப்பதை மறந்துவிடக் கூடாது.

இது ஏதோ நாலு பேருக்கு இருக்கிற அபூர்வ நோயும் இல்லை. 2014-ல் உலக சுகாதார சபை சொரியாசிஸுக்கென்றே தனித் தீர்மானம் நிறைவேற்றியது. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்கிறது. அமெரிக்காவில் 86,000-க்கும் மேற்பட்ட பெண் செவிலியர்களை 1991 முதல் 14 ஆண்டுகள் கவனித்து 2012-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஓட்டம், ஏரோபிக்ஸ் போன்ற கடும் பயிற்சிகளை விடாமல் செய்தவர்களுக்குச் சொரியாசிஸ் புதிதாக வருவது குறைவாக இருந்தது. ஓடினால் வந்தது போய்விடும் என்று இதற்கு அர்த்தமில்லை. அப்படி யாராவது யூடியூபில் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் எடை கூடுதலாக உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் படையின் கடுமை தணிகிறது, மருந்தும் நன்றாகப் பிடிக்கிறது என்பது தோல் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம்.

சரி, வியர்வை ஏன் எரிகிறது?

வியர்வையில் உப்பு இருக்கிறது. நல்ல தோலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. வெடித்து வறண்டிருக்கும் தோலுக்கு அப்படியில்லை. நீர் காய்ந்து உப்பு மட்டும் மிஞ்சும்போது எரிச்சல் இன்னும் ஏறும். கரப்பான் உள்ளவர்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. மலசேஸியா என்ற பூஞ்சை நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கிறது. அது வெளிவிடும் ஒரு புரதம் வியர்வையில் கலந்து ஒவ்வாமையைக் கிளப்புகிறது என்று ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் எழுதினார்கள். ஆகவே ‘வியர்த்தாலே அரிக்குதும்மா’ என்று கரப்பான் உள்ள பிள்ளை சொன்னால் அது விளையாடப் போகாமல் இருக்கச் சொல்லும் சாக்கு அல்ல.

இதற்கு நேர்மாறான சங்கடமும் இருக்கிறது. படை தடித்துப்போன இடத்தில் வியர்வைக் குழாய்கள் அடைபட்டு அங்கே வியர்ப்பதே இல்லை. முதுகு, வயிறு, தொடை என்று பெரும்பகுதி படையாக இருப்பவருக்கு உடம்புச் சூடு வெளியேறும் வழி அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. அவர் வெயிலில் ஓடினால் சீக்கிரமே தலை கிறுகிறுக்கும். உடம்பு முழுக்கச் சிவந்து, தோல் தகதகவென்று கொதித்து, கூடவே குளிர் நடுக்கமும் இருந்தால் பயிற்சிப் பேச்சே வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது.

நேரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? விடியற்காலைதான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறோம். வெயில் இல்லை என்பது உண்மை. ஆனால் சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிக அதிகமாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். வழிகிற வியர்வை உலராது. கோயம்புத்தூர்க்காரர் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டுச் சட்டை காய்ந்தபடி வீட்டுக்கு வருவார். சென்னைக்காரர் பத்தே நிமிடத்தில் நனைந்துவிடுவார். நனைகிறதே என்று விட்டுவிட வேண்டாம். ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடப்பதற்குப் பதில் காலையில் பத்து நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் பத்து நிமிடம், இரவு பத்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதை எத்தனை துண்டாகப் போட்டாலும் கணக்கு கணக்குதான். கத்திரி வெயில் காலத்தில் மின்விசிறிக்குக் கீழே வீட்டுக்குள் நடப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. மார்கழி, தை மாதங்களில் வேறு பிரச்சினை. வியர்வை குறையும், தோல் வறண்டு செதில் கூடும். அப்போது நடப்பதைவிட நடந்து வந்த பிறகு தோலை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் பல வருடம் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவருக்கு இருபது வயதிலிருந்தே சொரியாசிஸ். தினமும் நடப்பவர். அவர் கையில் ஒரு மஞ்சள் துணிப்பை எப்போதும் இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். பூங்கா பெஞ்சில் கடை பரப்பினார். மாற்றுப் பனியன் இரண்டு. பழசாகி மென்மையாகிப்போன ஈரிழைத் துண்டு. ஒரு பாட்டிலில் குடிக்கத் தண்ணீர், இன்னொரு பாட்டிலில் மேலே ஊற்றிக்கொள்ளத் தண்ணீர். ஹோமியோபதி மாத்திரை டப்பா அளவுக்கு ஒரு குப்பியில் வாசலைன்.

முதல் சுற்று முடிந்ததும் மறைவாகப் போய்ப் பனியனை மாற்றினார். வியர்வையைத் துடைக்கவில்லை. துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் வைத்து ஒற்றி எடுத்தார். “தேய்ச்சேன்னு வைங்க, சாயங்காலத்துக்குள்ள புதுசா ஒண்ணு முளைச்சிடும்” என்றார். நமைச்சல் எடுத்தால் நகம் போடாமல் அதே ஈரத்துண்டை இரண்டு நிமிடம் மேலே போட்டுக்கொள்வாராம். குளிர்ச்சி பட்டால் அரிப்பு அடங்கும் என்பது அவர் அனுபவம். தோல் மருத்துவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

தேய்த்தால் முளைக்கும் என்று அவர் சொன்னது வெறும் பேச்சல்ல. 1870-களில் ஹைன்ரிச் கோப்னர் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஒரு சொரியாசிஸ் நோயாளியின் உடம்பில் விசித்திரம் ஒன்றைக் கவனித்தார். சிராய்ப்பு பட்ட இடம், பச்சை குத்திய இடம், குதிரை கடித்த இடம் என்று எங்கெல்லாம் தோல் காயப்பட்டதோ அங்கெல்லாம் புதிதாகப் படை கிளம்பியிருந்தது. இன்றைக்கும் மருத்துவ நூல்களில் இதற்கு அவர் பெயர்தான். வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் இப்படி நடப்பதுண்டு.

நம்மைக் குதிரை கடிக்கப் போவதில்லை. நம் ஊரில் அந்த வேலையைப் பார்ப்பது பாவாடை நாடா. சேலையோடு வேக நடை போடும் பெண்களின் இடுப்பைப் பாருங்கள், நாடா இறுக்கிய தடம் கறுத்துப்போயிருக்கும். வியர்வையும் உராய்வும் சேர்ந்து அங்கே செய்கிற அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. சொரியாசிஸ் உள்ளவர்கள் நடக்கும் நேரத்துக்காவது தளர்ந்த சுடிதார், பட்டையான இலாஸ்டிக் வைத்த பைஜாமா என்று மாறிக்கொள்வது நல்லது. சேலைதான் என்றால் நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துப் பாவாடையைத் தைத்துக்கொள்ளலாம், ஐந்து நிமிடத் தையல் வேலை. ஆண்களுக்கு அரைஞாண் கயிறு, ஜட்டியின் இடுப்புப் பட்டை. பிராவின் தோள் வார், சட்டைக் காலரில் குத்தும் லேபிள், ஷூவின் பின்விளிம்பு எல்லாம் இதே ரகம். லேபிளை வெட்டி எறியுங்கள். தையல் தடிப்பாக இருக்கும் பனியனை உள்ளே வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. தொடை இடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழே என்று தோலோடு தோல் உரசும் இடங்களில் கிளம்புவதற்கு முன் மெல்லிசாக வாசலைன் தடவினால் உராய்வு நன்றாகக் குறையும்.

துணியில் பருத்தி நல்லதா, விளையாட்டு வீரர்கள் போடும் வழுக்குத் துணி நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. பருத்தி மென்மையானது, ஆனால் நனைந்தால் ஒட்டிக்கொண்டு காயவே காயாது. வழுக்குத் துணி வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளும், ஆனால் இறுக்கமாக இருந்தாலோ சாயம் ஒத்துக்கொள்ளாவிட்டாலோ அதுவே அரிக்கும். என்னைக் கேட்டால், தொளதொளப் பருத்தியும் கையில் மாற்று உடையும்தான் நம் ஊருக்குச் சரி. எதுவானாலும் புதுத்துணியை ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள். சோப்புத்தூள் துணியில் தங்காமல் இன்னொரு தடவை நல்ல தண்ணீரில் அலசச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் என்ன செய்கிறோம் என்பதுதான் பாதி வைத்தியம். வியர்வையோடு பேப்பர் படிக்க உட்கார்ந்துவிடுவது நம் பழக்கம். அதை விட்டு, நேராகக் குளியலறைக்குப் போங்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் அந்த நேரத்துக்கு அரிப்புக்குச் சுகமாகத்தான் இருக்கும். பிறகு தோல் இன்னும் வறண்டு இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், ஐந்து பத்து நிமிடம் போதும். நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. காரமான சோப்பும் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது. துண்டால் ஒற்றிவிட்டு, தோலில் ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், வாசனை சேர்க்காத ஈரப்பதக் களிம்பைத் தடவிவிடுங்கள். காய்ந்த பிறகு தடவுவதும் ஈரத்தில் தடவுவதும் ஒன்றல்ல. விலை உயர்ந்தது வேண்டும் என்றில்லை. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சாதாரண திரவ பாரஃபினே பலருக்குப் போதும்.

எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். வெட்பாலைத் தைலம் தடவிக்கொண்டு நடப்பவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள் என்று தெரியும். தைலத்தைப் பற்றிய விவாதத்துக்குள் நான் போகவில்லை, அது உங்களுக்கும் உங்கள் சித்த மருத்துவருக்கும் நடுவில். ஆனால் எந்த எண்ணெயானாலும் களிம்பானாலும் கெட்டியாகப் பூசிக்கொண்டு உடனே வியர்க்க வியர்க்க நடந்தால் மயிர்க்கால்கள் அடைபட்டுச் சீழ்க்கொப்புளம் வரும். கெட்டிப் பூச்சு இரவுக்கு. கிளம்புவதற்கு அரை மணி முன்னால் மெல்லிய பூச்சு.

தோலுக்காக உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளுக்கும் பயிற்சிக்கும் தொடர்பு உண்டு, இதைப் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அசிட்ரெட்டின் சாப்பிடுபவர்களுக்குத் தோலும் உதடும் வறண்டு வெயிலில் சீக்கிரம் கன்றிப்போகும், தசை வலியும் வரலாம். சோராலன் மாத்திரை போட்டுக்கொண்டு ஒளிச் சிகிச்சை எடுத்த நாளில் வெயிலில் நடக்கவே கூடாது. மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் உடம்பை வற்றவிட்டால் மருந்து உடம்பில் தங்கிக் கெடுதல் செய்யும். நீங்கள் நடக்கிறீர்கள், ஜிம்முக்குப் போகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கேற்ப நேரத்தை அவரே மாற்றிக் கொடுப்பார்.

சொரியாசிஸுக்கு வெயில் நல்லது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அளவான இளவெயில் நல்லதுதான். இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் நடுவில் இருக்கும் சாக்கடலுக்கு உலகெங்கிலுமிருந்து இந்த நோயாளிகள் போகிறார்கள். அது கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே இருப்பதால் அங்கே படும் வெயிலில் எரிக்கும் கதிர்கள் கொஞ்சம் வடிகட்டப்பட்டு வருகின்றன. மெரினா சாக்கடல் அல்ல, பதினோரு மணி வெயில் வைத்தியமும் அல்ல. தோல் கன்றினால் கோப்னர் சொன்னது அங்கேயும் நடக்கும். வெண்புள்ளி உள்ள இடத்தில் நிறமி இல்லாததால் இன்னும் சீக்கிரம் கன்றும். லூபஸ் என்ற எதிர்ப்புச் சக்தி நோய் உள்ளவர்களுக்கு வெயில் ஆகவே ஆகாது.

என்ன பயிற்சி என்பது படை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முழங்கால், முழங்கை, முதுகின் அடிப்பகுதி ஆகியவை சொரியாசிஸ் விரும்பி உட்காரும் இடங்கள். யோகாசனத்தில் தரையில் உரசுவதும் அவைதான். கோரைப்பாய் வேண்டாம், அதன் நரநரப்பு தோலைக் கீறிவிடும். ஜமக்காளத்தை நாலாக மடித்து மேலே பழைய வேட்டி விரித்தால் போதும். உள்ளங்காலில் வெடிப்பு உள்ளவர்களுக்கு நடை தண்டனை. அவர்களுக்குச் சைக்கிள், நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகள் இருக்கின்றன. இடுக்கில் படை உள்ளவர்களுக்குச் சைக்கிள் இருக்கை ஆகாது, அவர்கள் நடக்கலாம். உள்ளங்கையில் இருந்தால் எடை தூக்கும்போதும் சிலம்பம் சுழற்றும்போதும் பருத்திக் கையுறை.

மூட்டைப் பற்றி நிதானமாகச் சொல்லியாக வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானோருக்கு மூட்டு அழற்சியும் வருகிறது. காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல் விறைத்திருப்பது, ஒரு விரல் மட்டும் முழுசாக வீங்கிப்போவது, நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள், குதிகாலின் பின்பக்கத்தில் வலி ஆகியவை அதன் அறிகுறிகள். இந்தக் கடைசியில்தான் ஏமாந்துபோகிறோம். நடக்க ஆரம்பித்த பிறகு குதிகால் வலித்தால் ஷூவைக் குற்றம் சொல்லி வேறு ஷூ வாங்குகிறோம். மூட்டு தேய்மானம் என்று நாமே முடிவுகட்டி வலி மாத்திரை போடுகிறோம். சொரியாசிஸால் வரும் மூட்டு வலி உட்கார்ந்திருந்தால் கூடும், மெல்ல நடமாடினால் குறையும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். ஃபில் மிக்கல்சன் என்ற அமெரிக்க கோல்ஃப் வீரருக்கு 2010-ல் இந்த மூட்டுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சை எடுத்துக்கொண்டு ஆடினார். 2013-ல் பிரிட்டிஷ் ஓப்பன் கோப்பையை வென்றார். அவ்வளவு வசதி நமக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே போய் மூட்டு வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. சொரியாசிஸ் உள்ளவருக்கு அரிப்பதெல்லாம் சொரியாசிஸ் அல்ல. ஈரத்தோடு கிடக்கும் ஜிம் உடையில் படர்தாமரை ஜோராக வளரும். வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து தொடை இடுக்கில் பரவினால் அதுவாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் ‘அரிப்புக்குக் கொடுங்க’ என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீட்டுவார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், உள்ளுக்குள் பூஞ்சை குஷியாகப் பரவும். நாடு முழுக்கத் தோல் மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் விஷயம் இது. வீரியமான ஸ்டீராய்டை நீங்களாகத் தொடங்குவதும் தப்பு, நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் தப்பு. அதேபோல், பயிற்சி செய்யும்போது உடம்பெங்கும் தடிப்புக் கிளம்பி முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அது வேறு வகை ஒவ்வாமை. உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பெற்றோருக்கும் பி.டி. சார்களுக்கும் ஒரு வார்த்தை. கரப்பான் உள்ள பிள்ளையை விளையாட்டுப் பாட நேரத்தில் மரத்தடியில் உட்கார வைப்பது கருணை என்று நினைக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு அது தண்டனை. நைலான் ஜெர்சிக்குப் பதில் பருத்திப் பனியன் போட அனுமதியுங்கள். நடுவில் இரண்டு தடவை முகம் கை கழுவிவர விடுங்கள். கால் மணி நேரம் ஆடவிட்டு ஐந்து நிமிடம் நிழலில் நிறுத்துங்கள். கபடியில் சிராய்ப்பு வரும் என்று பயந்தால் கேரம் போர்டைக் காட்டாதீர்கள், ஷட்டில் மட்டையைக் கொடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நோயுள்ளவர் செய்ய வேண்டியது. கடிதம் எழுதிய சகோதரியின் பாதித் துயரம் வியர்வையால் வந்ததல்ல, பெஞ்சிலிருந்து எழுந்து போனவர்களால் வந்தது. பூங்காக்களில் கவனித்துப் பாருங்கள். மே மாதத்தில் கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையோடு ஒருவர் நடந்துகொண்டிருப்பார். எல்லோரும் போன பிறகே கம்பியைப் பிடித்து உடற்பயிற்சி செய்வார். அவருக்கு வெயில் உறைக்காமல் இல்லை. நம் பார்வை அதைவிட உறைக்கிறது.

சொரியாசிஸ் தொற்றாது. கரப்பான் தொற்றாது. வெண்புள்ளி தொற்றாது. கைகுலுக்கினால் தொற்றாது, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் தொற்றாது, அவர் பிடித்த டம்பெல்லை நீங்கள் பிடித்தால் தொற்றாது, ஒரே குளத்தில் நீந்தினாலும் தொற்றாது. தொற்றுபவை சிரங்கு, படர்தாமரை, சீழ்ப்புண் போன்றவை. அவையும் குணப்படுத்தக்கூடியவைதான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நம் நீச்சல் குளங்களின் சுவரில் “தோல் நோய் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை” என்ற பலகை தொங்குகிறது. மூட்டு நோகாமல், உடம்பு சூடேறாமல், உராய்வு இல்லாமல் செய்யக்கூடிய பயிற்சி நீச்சல். சொரியாசிஸ் உள்ளவருக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. குளோரின் தோலை வறட்டும் என்பது சரி. இறங்கும் முன் ஒரு குளியல், மேலே களிம்பு, ஏறியதும் மறுபடி குளியல், மறுபடி களிம்பு என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். டாரா டோரஸ் என்ற அமெரிக்க நீச்சல் வீராங்கனைக்குச் சொரியாசிஸ் உண்டு, அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 41 வயதில், மூன்று வெள்ளிப் பதக்கம் வாங்கினார். நம் அடுக்குமாடிக் குடியிருப்புக் குளம் ஒன்றுக்கு அவர் வந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

உங்கள் குடியிருப்பிலோ நீங்கள் போகும் நீச்சல் குளத்திலோ ஜிம்மிலோ அப்படி ஒரு பலகை இருந்தால், அடுத்த சங்கக் கூட்டத்தில் அதைப் பேச்சுக்கு எடுங்கள். திறந்த புண்ணோ தொற்றும் நோயோ உள்ளவர்கள் குணமான பிறகு வரவும் என்று அந்த ஒரு வரியை மாற்றி எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பலகையைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்